பந்தி விசாரிப்பும் பன்னாட்டுத் தீர்மானமும்

ஒற்றைத் தறியை வாடகைக்குப் பிடித்து ஆரம்பித்தவன் நான். அதிலிருந்து விசைத்தறிக் கூடம் கட்டினேன். துணி வெளுக்கும் பட்டறை கட்டினேன். செட்டியார்பட்டி பக்கம், சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று எல்லோரும் சொன்ன கரட்டு நிலத்தில், காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி செய்கிற மில்லைக் கட்டினேன். பேங்க் மேனேஜர் முடியாது என்றார். அவர் மாற்றலாகிப் போய்விட்டார், மில் அங்கேயே இருக்கிறது. தண்ணீர் வராது என்றார்கள், போர் போட்டேன், வந்தது. கரண்ட் வராது என்றார்கள், கம்பம் நட்ட பிறகுதான் வீட்டுக்குப் போனேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. இவ்வளவும் ராஜபாளையத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. உலக நாடுகள் கூடி உட்கார்ந்து மனித உரிமை பற்றிப் பேசுகிற சபையில் நிறைவேறிய ஒரு தீர்மானத்தில் என் கை இருக்கிறது. அது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கடலுக்கு நடுவில் ஒரு குட்டி நாடு. மேப்பில் தேடிப் பார்த்தேன், ஈ உட்கார்ந்தது போல ஒரு புள்ளி. அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு என் மில்லில் இருந்துதான் பேண்டேஜ் போகிறது. ஒரு முறை நடுவழியில் யாரோ இரண்டு நாட்டுக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டதில், என் பெட்டிகள் ஒரு துறைமுகத்தில் மாட்டிக்கொண்டன. பேண்டேஜுக்கும் காலாவதி உண்டு. விடுவிப்பதற்குள் தேதி முடிந்துவிட்டது.

அதை விசாரிக்கத்தான் அந்த நாட்டுத் தூதர் நேரில் வந்தார். நடுவயது அம்மாள். உலக சபையில் அந்த நாட்டுக்காகப் பேசுகிறவர். எங்கள் ஏற்றுமதியைப் பார்த்துக்கொள்ளும் சுந்தரபாண்டியம் ஊர்ப் பெண்தான் அவருக்கும் எனக்கும் நடுவில் மொழிபெயர்த்தாள். ஓடுகிற மெஷின் பக்கத்தில் நின்று, துணியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் சொன்னார்: துணி வராததால் ஆஸ்பத்திரியில் பழைய கட்டுகளையே துவைத்து, கொதிக்கவைத்து, மறுபடியும் பிள்ளைகளுக்குக் கட்டினார்களாம்.

எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் துணி சும்மா கிடக்க, அழுக்குத் துணியைக் கட்டியிருக்கிறார்கள்.

அந்த அம்மாளுக்கு ஒரே ஒரு வரி வேண்டும். எந்தச் சண்டை நடந்தாலும், மருந்தையும் பேண்டேஜையும் எந்த நாடும் எல்லையில் நிறுத்தக் கூடாது என்ற வரி. அதைச் சபை ஏற்க வேண்டும். ஓட்டெடுப்பில் ஜெயித்தால் போதாதாம், எல்லோரும் தலையாட்டினால்தான் மதிப்பாம், ஒருவர் மாட்டேன் என்றால் விஷயம் செத்தது. ஒரு பெரிய நாட்டுக்காரர் மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். வராந்தாவில் பார்த்தால் சிரிப்பார், கூட்டத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இந்த முறையும் நடக்காவிட்டால், வீண் செலவு என்று அம்மாளின் அரசாங்கம் சபை நடக்கும் ஊரில் இருக்கும் அவர் ஆபீஸையே மூடிவிடும். ஆபீஸ் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இந்த அம்மாள், ஒரு கிளார்க், ஒரு டிரைவர். டீ போடுவதும் டிரைவர்தான்.

"வெத்தலை பாக்கு, பழத்தட்டோட அவரு வீட்டுக்குப் போனியளா?" என்று கேட்டேன்.

பெண் மொழிபெயர்த்தாள். அம்மாள் யோசித்துவிட்டு ஏதோ சொன்னார்.

"அங்க அப்படியெல்லாம் தட்டு கொண்டு போனா லஞ்சம்னு சொல்லிருவாவளாம் மொதலாளி."

"பால்கோவாவும் கூடாதா?"

"அதுவும் கூடாதாம்."

எனக்கு அந்தச் சபை மேல் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது.

அதே வாரம் என் வீட்டிலும் ஒருவர் தலையாட்ட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். இளைய மகளுக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் தாய்மாமன் மாலை போட்டு அழைத்து வராமல் பெண் மணவறைக்கு வர மாட்டாள். தாய்மாமன் என்றால் என் மனைவியின் தம்பி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவன். எங்கள் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு வந்தவனிடம், முதல் பந்தி நிறைந்துவிட்டது, செத்த நேரம் நில்லு என்று சொல்லிவிட்டேன். சாப்பிடாமல் போனவன்தான், அதோடு பேச்சு இல்லை. என் மனைவி இரண்டு முறை போய் அழுதுவிட்டு வந்தாள். கடைசியில் நானே கிளம்பினேன்.

"நானும் வருகிறேன். கோபித்துக்கொண்டவர்களைப் போய்ப் பார்ப்பதுதான் என் வேலையே" என்றார் தூதர் அம்மாள்.

கடையில் அண்டாவும் குண்டாவும் கூரை வரை அடுக்கியிருந்தன. தூதர் அம்மாளுக்கு நாற்காலி போட்டான். எனக்குக் கவிழ்த்த அண்டாவைக் கூடக் காட்டவில்லை. இரண்டடி தூரத்தில் நிற்கும் என்னை விட்டுவிட்டு, மொழிபெயர்க்க வந்த பெண்ணிடம் பேசினான்.

"தாயி, ஒங்க மொதலாளி என்ன விசயமா வந்துருக்காருன்னு கேளு."

அவள் என் பக்கம் திரும்பினாள். "என்ன விசயமா வந்துருக்கியன்னு கேக்காவ."

"எனக்குக் காது கேக்கும்மா. மக கல்யாணத்துக்கு வந்து நின்னாப் போதும்னு சொல்லு."

"நிக்கதுக்குத்தான் நான் இருக்கேனாக்கும். அன்னைக்கும் நிக்கத்தான் சொன்னாரு."

"தப்புதான்னு சொல்லு."

"அவரு வாயில வராது. ஒன் வாயில வருது பாத்தியா தாயி."

இப்படித் தமிழில் இருந்து தமிழுக்கும், பிறகு இங்கிலீஷுக்கும் மாற்றி மாற்றி அந்தப் பெண்ணுக்குத் தொண்டை வறண்டது. எங்கள் சபையிலும் இதேதான், சண்டைக்காரர்கள் தலைவரைப் பார்த்துத்தான் பேசுவார்கள் என்று தூதர் அம்மாள் சிரித்தார்.

நான் வாசல் பக்கம் திரும்பினேன். கோபத்தில் திரும்பினேன் என்று அந்தப் பெண் இன்றைக்கும் சொல்கிறாள். அப்படி இல்லை, யோசித்துத்தான் திரும்பினேன்.

"வா தாயி, போவோம். பந்தி பாக்கதுக்கு மதுரைல இருந்து ஒரு கம்பெனி வருதாம். தொப்பி போட்டுப் பரிமாறுவானாம். எலைக்கு ஒரு கரண்டி சாம்பாருன்னு பேச்சு."

அண்டாவைத் துடைத்துக்கொண்டிருந்த அவன் கை நின்றது.

"ஒரு கரண்டியா?" என்று பெண்ணிடம் கேட்டான். அவள் என்னிடம் கேட்பதற்குள் நேராக என்னைப் பார்த்தான். "அத்தான், ஒமக்குப் புத்தி கெட்டுப்போச்சா? மாப்பிள்ள வீட்டுக்காரவுக எப்படிச் சாப்புடுவாகன்னு தெரியுமா? ஒரு கரண்டிய ஊத்தி எங்க அக்காவ ஊரு சிரிக்க வைக்கப் போறீரா?"

"எனக்கு மில்லுதான் தெரியும். பந்தி எனக்கு எங்க தெரியுது?"

"பந்திய நான் பாக்கேன். ஒரு பய குறுக்க வரக் கூடாது. நீரும்தான்."

"நான் ஏன் வாரேன்?"

"எம்புட்டு பேருக்குச் சமையல்? காய்க்கு யாரு? அந்தத் தொப்பிக்காரன இப்பவே போன் போட்டு வேண்டாம்னு சொல்லும்."

அவன் கண் எதிரிலேயே போன் போட்டுச் சொன்னேன்.

திரும்பி வரும்போது காரில் தூதர் அம்மாள், அங்கே என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். கோபித்துக்கொண்டவனிடம் வா, வா என்று கெஞ்சினால் அவனுக்கு மிதப்புதான் ஏறும். ஒரு வேலையைத் தூக்கிக் கையில் கொடுத்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவான்.

"அந்தப் பெரிய நாட்டுக்காரருட்ட சம்மதம் கேக்காதிய. இந்த வரி எங்களுக்குச் சரியா வரல, நீங்கதான் திருத்தித் தரணும்னு கேளுங்க. அதுக்கு ஒரு கூட்டம் போட்டு, அவரையே தலைமையா உக்கார வைங்க."

"வரியைக் கெடுத்துவிட்டால்?"

"எங்க மச்சினன் ரசத்துல மிளகக் கூடுதலாத்தான் போடுவான். ஆனா அது ரசம்தான். பெட்டி நிக்காமப் போகணும்ங்கத மட்டும் விட்ராதிய. மத்தது எதுன்னாலும் போட்டுக்கிடட்டும்."

அவர் அந்த வரி எழுதியிருந்த காகிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ராஜபாளையம் வரும் வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மச்சினன் பந்தியை ராணுவம் போல நடத்தினான். இலையில் சாம்பார் வெள்ளமாக ஓடியது. மாலை போட்டு மகளை அழைத்து வந்தவன், அன்று சாயங்காலமே வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இந்தக் கல்யாணத்த நடத்துனதே நான்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மில்லை அடகு வைக்காத குறையாகச் செலவழித்தவன் நான். என் மனைவியிடம் முறையிட்டேன்.

"நடந்துச்சுல்ல. விடுங்க" என்றாள்.

சில மாதம் கழித்துத் தூதர் அம்மாள் வீடியோ காலில் வந்தார். முகம் பூராவும் சிரிப்பு. பெரிய நாட்டுக்காரர் தலைமை ஏற்று, இரண்டு சொல்லை இடம் மாற்றி, தாமதமின்றி என்று ஒரு சொல்லைத் தானே சேர்த்திருக்கிறார். அந்தச் சொல்லைக் கேட்கும் தைரியம் இந்தக் குட்டி நாட்டுக்கு இருந்ததே இல்லையாம். எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். ஆபீஸ் மூடவில்லை. டிரைவர்தான் எல்லோருக்கும் டீ போட்டாராம்.

"உலகச் சட்டமே மாறிப்போச்சு" என்றேன்.

"தீர்மானந்தான் மொதலாளி, சட்டம் இல்ல. மீறுனா யாரையும் உள்ள வைக்க முடியாது" என்றாள் பெண்.

"நிச்சயதார்த்தம் முடிஞ்சிருக்குன்னு வச்சுக்க."

அடுத்து அனுப்பிய பெட்டிகள் அதே துறைமுகத்தைத் தாண்டிப் போய்விட்டன. அங்கே புது ஆபீஸர் வந்ததும் காரணமாக இருக்கலாம் என்று அந்தப் பெண் சொல்கிறாள். சொல்லிக்கொள்ளட்டும். அந்த ஆஸ்பத்திரியில் இப்போது கட்டுவது என் புதுத் துணி.

தீர்மானத்தில் என் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அம்மாளிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். பெரிய நாட்டுக்காரர் அது தன் வரி என்றே மேடையில் பேசினாராம். இவர்கள் நாட்டின் பெயர் கடைசியில் ஓர் ஓரமாக இருக்கிறதாம். "வரி எங்களுக்கு, போட்டோ அவர்களுக்கு. சின்ன நாடு அப்படித்தான் பிழைக்க வேண்டும்" என்றார்.

அந்த அம்மாள் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனால் அவர் சின்ன நாடு. நான் அப்படி இல்லை.

இதற்கிடையில் மச்சினனுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. "நான் கோவிக்கலேன்னா ஒமக்கு யோசனை எங்க இருந்து வந்துருக்கும் அத்தான்?" என்று கேட்கிறான். ஸ்ரீவில்லிபுத்தூர் முழுக்க உலக சபையைத் தானே நடத்தியதாகப் பேச்சு.

ஆகவே பொறுப்பில் உள்ளவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தீர்மானத்தின் அடியில், பொடி எழுத்தானாலும் சரி, யோசனை சொன்னவர் ராஜபாளையம் பேண்டேஜ் மில் முதலாளி என்று போட வேண்டும். பெரிய நாட்டுக்காரருக்குக் கீழே போட்டாலும் எனக்குச் சம்மதம். மச்சினனுக்குக் கீழே போடக் கூடாது.