மூடி வைத்த காருக்குள் ஒரு பொட்டலம் பொரி

நியூ ஜெர்சியில நவம்பர் வந்தா எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, எனக்கு ஃப்ளூ ஊசி போட்டாச்சான்னு கேக்கறது. இன்னொண்ணு, காரைப் போர்த்தித் தூங்க வைக்கிறது. என் ஊசியை மறந்தாலும் மறப்பார், காரை மறக்க மாட்டார். மேல்கூரை திறந்து மூடுற சிவப்புக் கார், ரெண்டே சீட்டு. அம்பது வயசுல ஆசைப்பட்டு வாங்கினார். "நமக்கு ஒரு பொண்ணு இருக்காளே, அவ எங்க உக்காருவா?"ன்னு கேட்டேன். "அவதான் காலேஜ் போயிட்டாளே, இனிமே நாம ரெண்டு பேர்தானே"ன்னார். பேச்சைப் பாருங்க.

இங்க பனிக்காலத்துல ரோடு பூரா உப்பைக் கொட்டுவாங்க. அது பட்டா வண்டி அடியில துரு பிடிச்சிடும்னு, முதல் பனிக்கு முன்னாடியே கராஜுக்குள்ள விட்டு மூடிடுவார். மார்ச் கடைசி வரைக்கும் யாரும் கிட்ட போகக் கூடாது.

போன வருஷம் ஆகஸ்ட்ல அவர் போயிட்டார். ஹார்ட் அட்டாக். ஊர்லேருந்து வந்த என் நாத்தனார், "இதையெல்லாம் பாத்துப் பாத்து அழுதுட்டே இருப்பே"ன்னு அவர் சட்டை, ஸ்வெட்டர், போர்வை எல்லாத்தையும் மூட்டை கட்டி டொனேஷன் பெட்டியில போட்டுட்டு வந்துட்டாங்க. நல்லதுக்குத்தான் செஞ்சாங்க. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனா காரியம்கூட முடியாத வீட்டுல யாரைப் போய்த் திட்டறது?

எல்லாரும் கிளம்பினப்புறம் ஒரு நாள் குடையைத் தேடி அந்தக் கார் கதவைத் திறந்தேன். அவர் வாசனை! சிகரெட்டை விட்டதுலேருந்து வாய்ல போட்டு மென்னுட்டே இருந்த ஏலக்காய், நெத்தியில தடவற தைலம், ஷேவிங் லோஷன் எல்லாம் கலந்து அப்படியே இருந்தது. வீடு பூரா தேடியும் கிடைக்காத மனுஷன் இங்க இருக்கார். அன்னிலேருந்து தினமும் சாயங்காலம் கொஞ்ச நேரம் அங்கதான். பக்கத்து சீட்டுலதான் உக்காருவேன், அவர் சீட்டுல இல்லை. ரொம்பத் திறந்து மூடினா வாசனை போயிடுமோன்னு பயம் வேற.

பொண்ணு டெக்சஸ்ல, சுகர் லேண்ட்ல டாக்டரா இருக்கா. "அம்மா, உனக்கு கியர் வண்டி ஓட்டவே தெரியாது. ஜஸ்ட் செல் இட்"ன்னா. "உங்கப்பாவை விக்கச் சொல்றியா?"ன்னு கத்திட்டேன். அப்புறம் அவ அந்தப் பேச்சையே எடுக்கலை. வேற பேச்சும் குறைஞ்சு போச்சு. ஃபோன் பண்ணுவா, சாப்டியாம்மான்னு கேப்பா, வச்சிடுவா.

ஆயுத பூஜை வந்தது. ஃப்ரெண்ட் ஒருத்தி கூப்பிட்டு, "வருஷம் திரும்பலை, இந்தத் தடவை பண்டிகை எதுவும் கூடாது"ன்னு ஞாபகப்படுத்தினா. பண்டிகை எனக்குத்தானே கூடாது, காருக்கு என்ன வந்தது? இந்தியன் கடைக்குப் போய்ப் பொரி, பொட்டுக்கடலை, நாட்டுச் சர்க்கரை எல்லாம் வாங்கிட்டு வந்தேன். காருக்குச் சந்தனம் குங்குமம் வச்சு, கராஜ் வாசல்ல நின்னு சூடம் காட்டினேன். வருஷா வருஷம் பூஜை முடிஞ்சதும் அவர் பொரியை ஒரு பொட்டலம் கட்டி, பக்கத்துல வச்சுக் கொறிச்சுக்கிட்டே ஒரு ரவுண்டு போயிட்டு வருவார். சீட்டெல்லாம் சிந்தும், நான் திட்டுவேன். நானும் ஒரு பொட்டலம் கட்டி அவர் சீட்டுல வச்சேன். ஓட்டத்தான் ஆள் இல்லை. பொட்டலம் அங்கேயே இருந்துடுச்சு.

நவம்பர்ல, அவர் செய்யறதைப் பாத்துப் பாத்து மனசுல பதிஞ்ச மாதிரியே எல்லாம் செஞ்சேன். பெட்ரோல் கெட்டுப் போகாம இருக்கற மருந்தை டேங்க்ல ஊத்தினேன். பேட்டரிக்கு சார்ஜர் மாட்டினேன். எலி புகுந்துடும்னு சைலன்சர் பைப்புல, பாத்திரம் தேய்க்கற கம்பி நாரைத் திணிச்சேன். உறையைப் போட்டு இழுத்துக் கட்டினேன். பின்னாடி வழியை அடைச்சுட்டு உள்ளே எலிக்கு விருந்து வச்சிருக்கேன்னு இந்த மரமண்டைக்கு உறைக்கலையே!

அந்தக் குளிர்காலம் என் எதிரிக்கும் வேண்டாம். நாலு மணிக்கே இருட்டிடும். பக்கத்து வீட்டுக்காரங்க ஃப்ளோரிடா போயிட்டாங்க. சில நாள் காலையிலேருந்து யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். கராஜுக்குப் போய் உறை மேல கையை வச்சுக்கிட்டு நிப்பேன். திறக்க மாட்டேன். உள்ள இருக்கறது தீந்து போயிடக் கூடாதே.

மார்ச் முடிஞ்சு உறையை எடுத்தேன். கதவைத் திறந்ததும் குப்புன்னு ஒரு நாத்தம். பொட்டலம் சுக்கல் சுக்கலா கிடக்கு. அவர் சீட்டைக் குடைஞ்சு எலி கூடு கட்டி, குட்டி போட்டுக் குடித்தனம் நடத்தியிருக்கு. விளக்குமாத்தை எடுத்துக்கிட்டு அதுங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். எலியைத் திட்டி என்ன பண்றது?

கார் கிளீன் பண்ண வந்த பையன் மூக்கை மூடிக்கிட்டு, "மேம், இது என்ன, சீரியலா?"ன்னு பொரியைக் காட்டிக் கேட்டான். காலையில பால்ல போட்டுச் சாப்பிடற சமாச்சாரம்னு நினைச்சுட்டான் போல. எங்கேருந்து சொல்ல ஆரம்பிக்கறது? ஆமாப்பான்னேன். டிரைவர் சீட்டை மட்டும் ஒண்ணும் பண்ணாம விட்டுட முடியுமான்னு கேட்டேன். "கூடே அதுலதான் இருக்கு மேம், ஸ்பாஞ்சு எல்லாம் தூக்கிப் போடணும். இல்லைன்னா நாத்தம் போகவே போகாது"ன்னான். சரின்னேன்.

அவன் வேலையை முடிச்சுட்டுப் போனதும் உள்ளே உக்காந்து கதவைச் சாத்திக்கிட்டேன். மூச்சை இழுத்து இழுத்துப் பாத்தேன். சோப்பு வாசனை. சீட்டுக்கு அடியில குனிஞ்சு பாத்தேன், பெல்ட்டை மோந்து பாத்தேன். சோப்புதான். "என்னங்க"ன்னு கூப்பிட்டேன். அஸ்தி கரைச்ச அன்னிக்குக்கூட வந்தவங்களுக்குக் காபி போட்டுக் குடுத்துட்டு நின்னவ நான். அந்தக் கார்ல உக்காந்து ஓன்னு அழுதேன்.

பொண்ணுக்கு ஃபோன் போட்டேன். பேஷன்ட் யாரோ இருந்தாங்க போல, "என்னம்மா, எனிதிங் அர்ஜென்ட்?"னு அவசரமா கேட்டா.

"அப்பா போயிட்டாருடி"ன்னேன்.

கதவைச் சாத்தற சத்தம் கேட்டது. அப்புறம் அவளும் அழ ஆரம்பிச்சா.