எதற்கும் உதவாத மொழிகள்

நேற்று புதுவாயல் கூட்டுரோட்டில் டீக்கு நின்றிருந்தேன். ஏதோ ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றது. டீசல் புகையும் மல்லிகைப்பூவும் கலந்து அடிக்க, நிமிர்ந்து பார்த்தால் ஜன்னலோரம் இரண்டு பெண்கள் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு உடனே மெர்சி ஞாபகம் வந்துவிட்டது. டீ ஆறியதுகூடத் தெரியவில்லை.

மெர்சியும் நானும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் லேப், அவள் பில் போடும் இடம். திருவள்ளூரில் கம்பெனி பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். வழியில் எங்கள் பக்கத்துச் சின்ன ஆரணி வருவதற்குள் பஸ்ஸே தூங்கிவிடும். எங்களுக்குத் தூக்கமும் வராது, வாயும் ஓயாது. அப்படி ஆரம்பித்த கிறுக்குதான் இது: யாருக்கும் வேண்டாத கம்ப்யூட்டர் மொழிகளைத் தேடிப்பிடித்துப் படிப்பது. ஒன்றில் எழுத்தே கிடையாது. கூட்டல், கழித்தல், புள்ளி என்று மொத்தமே எட்டுக் குறிகள். இன்னொன்றை வெறும் இடைவெளிகளாலேயே எழுத வேண்டும். எவ்வளவு எழுதினாலும் திரை வெள்ளையாகவே இருக்கும், ஆனால் ஓடவிட்டால் ஓடும். "கோலத்தப் போட்டு அழிச்சா மாரி கீதுடி" என்பாள் மெர்சி. எங்களுக்கு ஒரே சட்டம்: வேலை வாங்கித் தரக்கூடிய மொழியைத் தொடக்கூடாது. வேலைதான் ஏற்கெனவே இருக்கிறதே!

இதில் மெர்சிக்கு ஒரு லாபமும் இருந்தது. வரன் என்று யார் வந்தாலும் அவள் நைனா, "பாப்பா கம்ப்யூட்டர் படிச்சிக்கினு கீது, முடியட்டும்" என்று பெருமையாகத் திருப்பி அனுப்பிவிடுவார். படித்து முடித்ததும் பெரிய கம்பெனியில் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று நம்பினார், பாவம். மெர்சிக்கு அப்போது கல்யாணத்தில் துளியும் இஷ்டமில்லை. எனக்கு அதைவிட இல்லை. அவள் போய்விட்டால் பஸ்ஸில் நான் யாரோடு உட்காருவது?

கடைசியில் பொன்னேரியிலிருந்து ஒரு வரன் வந்தே விட்டது. துணைக்கு நானும் மெர்சி வீட்டுக்குப் போனேன். "இன்னும் ஒரு வருசம் படிப்பு கீது" என்று சொல்வதற்கு ஒத்திகையெல்லாம் பார்த்திருந்தோம். மாப்பிள்ளைக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை என்பதை மட்டும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

"இன்னா லாங்குவேஜ் படிக்கிறீங்க?" என்றார் அவர்.

மெர்சி போனை நீட்டினாள். வெள்ளைத் திரை. அவர் அம்மா எட்டிப் பார்த்து, "போன் ரிப்பேராம்மா?" என்றார்.

"இத்த எந்தக் கம்பெனில கேக்கறாங்க?" என்று மாப்பிள்ளை விடவில்லை.

நைனா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொய் சொன்னால் மாப்பிள்ளையிடம் மாட்டுவாள், உண்மையைச் சொன்னால் அப்பாவிடம்.

"எந்தக் கம்பெனிலயும் கேக்கமாட்டாங்க. சும்மா படிக்கிறேன்."

"சும்மாவா?" என்றார் நைனா. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கதை கந்தலாகிவிட்டது, நாளையிலிருந்து இவளை வேலைக்கே அனுப்பமாட்டார் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையோ நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எப்டிங்க எழுதறீங்க? எனக்கும் கொஞ்சம் காட்டுங்களேன்."

கேசரி ஆறிப்போகும்வரை இரண்டு பேரும் அந்த வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பஸ்ஸில் மெர்சி சொன்னாள்: "நல்லா கேக்குறாருடி. புரியலன்னா புரியலன்றாரு."

அந்த நிமிஷமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பொறாமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். கல்யாணத்தில் பிரியாணியைக் கோபத்தோடு இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

இப்போது போன் பண்ணினால் பிள்ளைக்கு ஸ்கூல், வீட்டுக்கு வாடகை என்று பேச்சு அதிலேயே முடிந்துவிடுகிறது. எங்கள் பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். நான் ஸ்கூட்டியில் போகிறேன்.

போன வாரம் அந்த எட்டுக்குறி மொழியில் என் பெயரை எழுதித் தரச் சொல்லிப் போனில் இருக்கும் ஏஐயிடமே கேட்டேன். கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டது. எங்களுக்குத் திரையில் முதல் எழுத்து வரவே எத்தனையோ நாள் ஆயிற்று. வந்த அன்று மெர்சி என் தொடையில் கிள்ளிய கிள்ளில் நான் போட்ட சத்தத்துக்கு டிரைவர் பிரேக் அடித்தார்.

போன் எழுதியதை ஓட்டிப் பார்த்தேன். பெயர் பிழையில்லாமல்தான் வந்தது. கிள்ளத்தான் ஆள் இல்லை.