வெள்ளவாய்க்காலில் விதைத்த நெல்

காலை ஏழு மணிக்குக் கல்முனையில் அக்கரைப்பற்று பஸ் ஏறினேன். மார்கழி மழை நாலாவது நாளாக விடவில்லை. பாலமுனையில் என் கூடப்பிறந்த ராத்தா மூன்று பிள்ளைகளோடு பள்ளத்து வீட்டில் இருக்கிறாள். வாப்பா சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடு. நீந்தத் தெரியாத நான் போய் என்ன செய்யப்போகிறேன் என்று மனைவி கேட்டுக்கொண்டிருக்கும்போதே கிளம்பியிருந்தேன்.

"குளம் நிரம்பி வான்கதவு திறந்துட்டாங்களாம். ஒலுவிலுக்கு அங்கால பஸ் போகாது தம்பி" என்றார் சாரதி. சொன்னபடியே ஒன்பது மணிக்கு இறக்கிவிட்டார். மிச்சம் இரண்டு மைல், முழங்கால் தண்ணீரில் நடை.

ராத்தா வீட்டு வாசற்படிகள் எல்லாம் மூழ்கி, உள்ளேயும் தண்ணீர் ஏறியிருந்தது.

"மச்சான் அணைக்கட்டுல நிக்கிறார். ஓடிப் போய்ச் சொல்லு தம்பி, வரம்ப வெட்டச் சொல்லு" என்று தன் கணவரைச் சொல்லி அழுதாள்.

ஆற்றை மறிக்கும் அணைக்கட்டின் பலகைகளை எல்லாம் கழற்றியும் ஆறு அடங்கவில்லை. மிஞ்சும் வெள்ளம் ஊரைச் சுற்றிக் கடலுக்குப் போகவென்று பக்கத்தில் ஒரு வெள்ளவாய்க்கால் உண்டு. மூன்று வருடமாக மழை குறைந்து அது காய்ந்து கிடந்ததில், மச்சான் அதன் வாயை வரம்பு கட்டி மறித்து உள்ளே நெல் விதைத்துவந்தார். இப்போது பயிர் குடலைப் பருவம், கதிர் வெளிவரும் நேரம்.

நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது மச்சானைச் சுற்றி இருபது பேர் மண்வெட்டியோடு சும்மா நின்றார்கள். வரம்புக்குரியவன் முதல் வெட்டு வெட்டாமல் மற்றவர்கள் கை வைப்பதில்லையாம். ஊரே மூழ்கும் நேரத்தில் என்ன மரியாதை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னும் கொஞ்சம் பாப்பம், மழை விடும்" என்றார் மச்சான்.

"உங்கட புள்ளைகள் கட்டிலுக்கு மேல ஏறி இருக்காங்க மச்சான்!" என்று கத்திவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "பிஸ்மில்லாஹ்" என்று மண்வெட்டியை ஓங்கினார். அடுத்த நொடி இருபது மண்வெட்டிகளும் விழுந்தன. வரம்பு உடைந்தது. பயிர் மொத்தமாகச் சாய, வெள்ளம் கடல் பக்கம் திரும்பியது. மூன்று மணிக்கு ராத்தா வீட்டில் இரண்டு படிகள் வெளியே வந்தன. எனக்கு அப்போதுதான் பசித்தது.

மறுநாள் புறப்படும்போது மச்சானுக்கு ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன்.

"விடுங்க. அது தண்ணிட இடம். மூணு வருசம் நான் சும்மா அறுத்தன்" என்றார்.

கல்முனையில் இறங்கியதும் நேரே எங்கள் வீட்டுப் பின்மதிலுக்குப் போனேன். மதிலுக்கு அந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீர் போக வழியில்லாமல் நின்றது. அங்கே ஓடிய வாய்க்காலை மூடி மதில் கட்டியது நான்தான்.