கட்அவுட்டுக்கு மாலை இல்லாத வெள்ளிக்கிழமை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். படத்தின் பெயரையும் நடிகரின் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் மதுரையில் இன்றும் இரண்டு கட்சி கிளம்பும். டைட்டில் ஓடத் தொடங்கியதும் எனக்கு நினைவுக்கு வந்தது கதாநாயகர் அல்ல, எங்கள் வீட்டு நாய் செவலையின் மூக்கு.

அப்போது ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தோம். நான் நான்காம் வகுப்பு. ஒருநாள் செவலையின் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டத் தொடங்கியது. யாரோ கல்லால் அடித்துவிட்டார்கள் என்று அம்மா மஞ்சள் வைத்தாள். ரத்தம் நிற்கவில்லை. மூக்கு ஒரு பக்கமாக வீங்கி முகமே கோணிப்போனது. எங்களோடு தங்கியிருந்த அம்மாவின் தம்பி, என் மாமா, சைக்கிள் கேரியரில் சாக்கு விரித்து அதை உட்காரவைத்து, நான் பிடித்தபடி கூடவே நடக்க, கால்நடை ஆஸ்பத்திரிக்கு உருட்டிக்கொண்டு போனார்.

டாக்டரம்மா மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பஞ்சில் தடவி எடுத்ததைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து உள்ளே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"புற்றுநோய்தான். ஆனா முகத்தைத் தொங்கப் போடாதீங்க. இது நாய்க்கு நாய் தொத்துற ஒரு வகை, ஊசிக்கு நல்லாக் கேட்கும். வெள்ளிக்கு வெள்ளி போடணும். நடுவுல ஒரு வாரம்கூட விடக்கூடாது."

வைத்தியத்துக்கு அங்கே காசில்லை. மருந்தைத்தான் வெளியே வாங்க வேண்டும். மனிதர்களுக்குப் போடும் அதே மருந்து, அதே விலை. மருந்துக் கடையில் விசாரித்த மாமா சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, மருந்து வாங்காமலே சைக்கிளை வீட்டுக்குத் திருப்பினார்.

அப்பா வேலை பார்த்த கப்பலூர் கம்பெனி அந்தச் சமயம் பூட்டிக் கிடந்தது. அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. "மாப்ள, வீட்டு வாடகைக்கே முழி பிதுங்குது. திருப்பரங்குன்றத்துல கொண்டுபோய் விட்டுட்டு வந்துரு. கோயில் பக்கம் ஏதாவது தின்னுக்கிட்டு, இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்றார். சொல்லும்போது செவலை இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை.

"ரெண்டு நாள் பொறுங்க மச்சான்" என்றார் மாமா.

மாமாவுக்கு வெல்டிங் பட்டறையில் வேலை. அது பிழைப்புக்கு. பதவி வேறு இருந்தது: எங்கள் தெரு ரசிகர் மன்றத்தின் செயலாளர். புதுப் படம் வெளியாகச் சில வாரங்களே இருந்தன. தியேட்டர் வாசலில் நிற்கும் கட்அவுட்டுக்குக் கழுத்திலிருந்து கால்வரை மாலை, குடம் குடமாகப் பால், தெரு முனைவரை சரவெடி. இதற்கெல்லாம் சேர்த்த வசூல் மன்றத் தலைவரான டீக்கடைக்காரரிடம் பத்திரமாக இருந்தது. மாமா செவலையைத் தூக்கிக்கொண்டே மன்றக் கூட்டத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"கட்அவுட்டு பலகைதான்ணே. மாலை போடலைன்னா ஒண்ணும் ஆயிராது. இது செத்துரும்ணே."

"நம்மாளு கட்அவுட்டைப் பலகைங்குற. நீயெல்லாம் செயலாளராடா?" என்று டீக்கடைக்காரர் எழுந்தேவிட்டார்.

அந்த நேரம் பார்த்துச் செவலை தும்மியது. அவருடைய வெள்ளை வேட்டியில் ரத்தம் பொட்டுப் பொட்டாகத் தெறித்தது. அவர் வேட்டியைப் பார்த்தார், செவலையைப் பார்த்தார். "அம்புட்டு வலிக்குமாடா அதுக்கு?" என்றார். மாமா தன் சட்டை நுனியால் அதன் மூக்கைத் துடைத்தார். "சரி, மாலைய விடு. பாலையும் விடு. சரவெடி மட்டுமாவது..." என்று இழுத்தவர், செவலை இன்னொரு தும்மலுக்கு மூக்கைச் சுருக்குவதைக் கண்டு, "சரிடா, அதையும் விடு" என்று முடித்தார்.

ஊசி தொடங்கியது. செவலை வேறு யார் பிடித்தாலும் காலைக் கொடுக்காது. மாமாதான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். வீக்கம் மெல்ல வடிந்தது. வைத்த சோற்றைத் தின்றுவிட்டு என் தட்டையும் பார்க்கத் தொடங்கியது.

படம் வெளியானதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். ஆஸ்பத்திரி போகும் வழியில்தான் தியேட்டர். போட்டி நடிகரின் எதிர் மன்றத்துக்காரர்கள் வாசலில் கூடி நின்றிருந்தார்கள்.

"டேய், நாய் மன்றம் வருதுடா!"

"என்ன மாப்ள, ஒங்காளு வெறுங்கழுத்தா நிக்கிறாரு? துண்டு கிண்டு வேணும்னா சொல்லு, நாங்க தாரோம்!"

கதாநாயகர் வைத்திருப்பது டோப்பா என்று சொன்னதற்காக ஒருவனோடு கட்டிப் புரண்டவர் என் மாமா. அன்றைக்கு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். எனக்குத்தான் அழுகை முட்டியது.

கடைசி ஊசிகளுக்கு மன்றத்து வசூல் போதவில்லை. என்ன செய்வது என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, எதிர் மன்றத்துச் செயலாளர், துண்டு தருவதாகச் சொன்ன அதே ஆள், காம்பவுண்டுக்குள் சைக்கிளை நிறுத்தினார். மாமாவின் சட்டைப் பையில் ஒரு கவரைத் திணித்தார்.

"சித்திரைக்கு எங்காளு படம் வருது மாப்ள. அதுக்குள்ள இதைத் தேத்தி விடுங்க. அடுத்த தடவையாவது மாலைய ஒழுங்காப் போடுங்க. வெறுங்கழுத்தோட போட்டி போட்டா எங்களுக்கு என்னடா மரியாதை?"

போகும்போது செவலையைத் தடவக் கை நீட்டினார். அது உறுமியது. "சரியான வெறி புடிச்ச ரசிகை!" என்று சிரித்துக்கொண்டே போனார். அப்பா உள்ளே போய்ச் செவலையின் தட்டைக் கழுவி எடுத்து வந்தார். அதற்கப்புறம் திருப்பரங்குன்றத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை.

கடைசியாகப் போனபோது டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு. இனிமே வராதீங்க" என்றார். மாமா அவரைக் கும்பிட்டார். நான் ஹைஸ்கூல் முடிக்கும்வரை செவலை இருந்தது. அப்பா மறுபடியும் கப்பலூர் வேலைக்குப் போனபோது தினமும் பஸ் ஸ்டாண்டுவரை வழியனுப்பியது.

ஒன்றை வரிசையில் சொல்லாமல் விட்டுவிட்டேன். படம் வெளியான அன்று சாயங்காலம், முதல் காட்சி பார்த்துவிட்ட மன்றத்துப் பையன்கள் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார்கள். "மாப்ள, இன்டர்வலுக்கு முன்னாடி ஒரு சீன் இருக்கு பாரு..." என்று ஒருவர் ஆரம்பித்ததும், மாமா இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு குழாயடிப் பக்கம் ஓடினார். அவர்கள் போகும்வரை வரவில்லை.

முதல் காட்சியும் ஊசியும் ஒரே காலையில் வந்தன என்பதோ, அதுவரை அவர் தன் ஆளின் எந்தப் படத்தின் முதல் காட்சியையும் விட்டதில்லை என்பதோ அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. மாமாவே காதைப் பொத்திக்கொள்கிறார் என்றால் படம் எம்புட்டு மோசமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் பொழுது விடிந்ததும், படம் ஊத்திக்கிச்சு என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.