எதிராளிக்காகப் பேசிய எமெட் லூகன்பில்

எமெட் லூகன்பில் வக்கீலிடம் இருபத்தெட்டு வருஷம் தட்டச்சு வேலை பார்த்தேன். அதில் பாதிக் காலம் அவருடைய அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்ததிலேயே போயிருக்கும். "மேற்படி நிலத்தின் வடக்கு எல்லை..." என்று சொல்ல ஆரம்பிப்பார். ஜன்னலுக்கு வெளியே வாபாஷ் ஆற்றின் மேல் மூடுபனி படுத்துக் கிடக்கும். அக்கரைப் படகின் மணி பனிக்குள்ளிருந்து ஒருமுறை கேட்கும். அவ்வளவுதான், மனுஷன் காணாமல் போய்விடுவார். நாற்காலியில் கோட்டும் கண்ணாடியும் மட்டும் உட்கார்ந்திருக்கும்.

"வக்கீல் சார், வடக்கு எல்லையில நிக்கிறோம்" என்பேன்.

"அப்படியா? நான் அக்கரைக்கே போயிட்டேனே, வெல்மா."

அவரிடம் கோபப்பட முடியாது. முயற்சி பண்ணிப் பார்த்திருக்கிறேன். உயில், கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை என்று காகிதத்தில் அவர் கெட்டிக்காரர். ஜூரி முன்னால் எழுந்து நின்றால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பன்னிரண்டு பேரும் பாவம் பார்த்து அவரைப் பார்ப்பார்கள், பிறகு எதிர்த்தரப்புக்குத் தீர்ப்பு சொல்லிவிட்டுப் போவார்கள். ஜூரி வழக்கில் ஒன்றுகூட அவர் ஜெயித்து நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவர் 1946-ல் மாநிலச் சட்டசபைக்கு நின்று ஜெயித்தார் என்றால், எதிர்த்து நின்றவர் பாதியில் காலமாகிவிட்டார் என்பதுதான் காரணம். ஆனாலும் வெற்றி வெற்றிதானே. அந்தக் குளிர்காலத்தில் அறுபத்தோரு நாள் தலைநகர் இண்டியானாபோலிஸில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். அவர் இருக்கை முப்பத்தொன்று. மேலே கண்ணாடிக் கூரையாம். காலையில் பனி மூடியிருக்கும்போது உள்ளே நீல வெளிச்சமாக இருக்குமாம், பதினோரு மணிக்கு மேல் பனி உருகி வெளிச்சம் மேசை மேசையாக நகர்ந்து முப்பத்தொன்றுக்கு வருமாம். அங்கே உட்கார்ந்திருந்தால் ஆற்றுக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும் என்பார். "சரி, அங்க என்ன பேசினீங்க?" என்று கேட்டால் மழுப்புவார்.

ஆனால் ஒரு மசோதா போட்டிருந்தார். எங்கள் ரோஜர்ஸ் லேண்டிங்கில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம் வேண்டும் என்று. அது யாருக்காக என்று ஊருக்கே தெரியும். என் தங்கை ஐடா அக்கரையில் வாழ்க்கைப்பட்டவள். அதற்கு முந்தின குளிர்காலத்தில் ஆறு உறைந்து படகு நின்றுபோனபோது அவளுக்கு முதல் பிரசவம். டாக்டர் இக்கரையில் பையைக் கையில் பிடித்தபடி நின்றார். பன்னிரண்டு நாள் கழித்துப் படகு ஓடியது. அந்தக் குழந்தையை நான் பார்க்கவே இல்லை. வேலைக்குத் திரும்பிய அன்று வக்கீல் சார் தானே மெஷினில் தாளைச் செருகித் தந்து, "எழுதுங்க, வெல்மா. ஒரு மசோதா" என்றார். அன்றைக்கு மட்டும் நடுவில் ஒரு தடவைகூட ஜன்னலைப் பார்க்கவில்லை.

அதை எடுத்துக்கொண்டுதான் 1946-ல் நின்றார். ஆனால் அந்த மசோதா சட்டசபையில் ஏதோ ஒரு குழுவின் மேசையில் தூங்கியது. அதை எழுப்புவதற்காக 1948-ல் அவர் மறுபடி நின்றார். எதிரே நின்றவர் வெண்டல் கிரோவ்ஸ், எங்கள் மாவட்ட அரசு வக்கீல். இவர் ஒரு கட்சி, அவர் மறு கட்சி. பாலம் வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே பேச்சு. வெண்டலின் குரல் கோர்ட்டில் எழுந்தால் தெருவில் குதிரை மிரளும். கை குலுக்கினால் தோள்பட்டை வலிக்கும். எனக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது.

இருவரும் சட்டக் கல்லூரி நாளில் ஒரே சகோதர சங்கத்தில் சேர்ந்தவர்கள். மூன்று கிரேக்க எழுத்தில் அதற்கு ஒரு பெயர் உண்டு. நாங்கள் 'சகோதரர்கள்' என்றே சொல்வோம். எங்கள் மாவட்டத்தில் பதினோரு பேர். நீதிபதி அதில் ஒருவர், இரண்டு முன்னாள் சட்டசபைக்காரர்கள், ஒரு முன்னாள் மேயர். கட்சிக் கூட்டத்தில் ஒருவரையொருவர் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள், மறுநாள் ஒரே மேசையில் கெளுத்தி மீன் வறுவலைப் பகிர்ந்து தின்பார்கள். பெண்களுக்கு அந்த மேசையில் இடமில்லை. ஆனால் நடப்பதைச் சுருக்கெழுத்தில் எடுக்க ஒரு பெண் வேண்டும். அது நான். என் சாப்பாட்டுத் தட்டு ஹோட்டல் சமையற்கட்டில் தனியாக இருக்கும். இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அதைச் சொன்னால் கதை நகராது.

அவர்களிடம் ஒரு பழக்கம். சகோதரர்கள் இருவர் ஒரே பதவிக்கு நின்றால், வாக்களிப்புக்கு முந்தின திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டில் மாற்றுவாதம் செய்தாக வேண்டும். அதாவது, ஒவ்வொருவரும் எழுந்து தன் எதிராளிக்காக ஓட்டுக் கேட்க வேண்டும். சட்டக் கல்லூரியில் பயிற்சிக்காக நடத்தும் மாதிரி நீதிமன்றத்தில் சீட்டுப் போட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்கு வாதாடுவார்களாம், அதிலிருந்து வந்த பழக்கம். எதிர்ப்பக்கத்தைப் பேசத் தெரியாதவனுக்குத் தன் பக்கமும் தெரியாது என்பது அவர்கள் கொள்கை. பேசியது அந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது. பேச்சைக் கேட்டு யாரும் மனம் மாறவும் மாட்டார்கள். அது ஒரு விளையாட்டு, அவ்வளவுதான்.

அன்றைக்கு ஹோட்டல் மாடி ஜன்னல்கள் எல்லாம் பனியால் வெளுத்திருந்தன. உலகத்தில் அந்த அறையைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதுபோல இருந்தது. பன்றித் தொடை, சோள ரொட்டி எல்லாம் முடிந்து பெர்சிமன் பழப் புட்டிங் வந்த பிறகு வெண்டல் எழுந்தார். தயாரித்துக்கொண்டு வரவேயில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நம்ம எமெட் நல்லவன்! அவன் எழுதின உயில்ல ஒரு குத்தம் கண்டுபிடிச்சதில்ல நான். சாகப்போறவங்க எல்லாரும் அவனுக்கே ஓட்டுப் போடுங்க!"

மேசை குலுங்கச் சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டார். மொத்தமே அவ்வளவுதான். பென்சிலை அவர் கண்ணிலேயே குத்தலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

பிறகு எங்கள் ஆள் எழுந்தார். கையில் நான் அடித்துக் கொடுத்த இரண்டு பக்கம். முதல் வரியைப் படித்தார், நின்றார். கண் ஜன்னலுக்குப் போனது. போச்சு, அக்கரைக்குப் போய்விட்டார் என்று நினைத்தேன். போகத்தான் போனார். ஆனால் இந்த முறை அங்கிருந்தே பேசினார். தாள் கையிலிருந்து மேசைக்கு இறங்கியது. குரல் தூக்கத்தில் பேசுகிறவர் குரல் மாதிரி நிதானமாக வந்தது.

"கல்லூரியில ரெண்டாவது வருஷம் எனக்குச் செங்காய்ச்சல். வீட்டுக்கார அம்மா கதவுல மஞ்சள் தாளை ஒட்டிட்டாங்க. யாரும் உள்ள வரக்கூடாது. பரீட்சைக்கு இருபது நாள். கண்ணைத் திறக்க முடியல, புத்தகத்தை எங்க படிக்கிறது? மறுநாள் மத்தியானம் ஜன்னலுக்கு வெளியில ஒரு சத்தம். இந்த வெண்டல் பனியில முழங்கால் வரைக்கும் புதைஞ்சு நின்னுக்கிட்டு ஒப்பந்தச் சட்டத்தைப் படிக்கிறான். ஜன்னல் மூடியிருக்கு. ரெட்டைக் கண்ணாடி. ஆனா ஒவ்வொரு எழுத்தும் எனக்குக் கேக்குது. பக்கத்து வீட்டு நாய் எல்லாம் குலைக்குது. பத்தொம்பது நாள் வந்தான். நான் தேறினேன். நீங்க எல்லாரும் அந்தக் குரலைக் கேட்டுச் சிரிக்கிறீங்க. நானும் சிரிப்பேன். ஆனா நான் போன வருஷம் ஆரம்பத்துல தலைநகரைப் பாத்துட்டு வந்தேன். அங்க இருக்கிறதெல்லாம் மூடின ஜன்னல். நான் வெளிய நின்னு மரியாதையா விரலால தட்டினேன், யாருக்கும் கேக்கல. மூடின ஜன்னலைத் தாண்டிக் கேக்கிற குரல் இந்த மாவட்டத்துல ஒண்ணுதான் இருக்கு."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒருவரும் கை தட்டவில்லை. வெண்டல் புட்டிங் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். பிறகு, அந்தக் குரலே இல்லாமல், "டேய் எமெட், அதை நான் மறந்தே போயிட்டேன்டா" என்றார்.

மறுநாள் உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து மைதானத்தில் வாக்களிப்பு. வரிசையில் நின்றபோது என் மனதில் எதுவும் ஓடவில்லை என்றுதான் சொல்வேன். துணித் திரைக்குள் போனேன். பென்சில் நூலில் கட்டித் தொங்கியது. இரண்டு பெயர். எனக்கு ஐடாவின் சமையலறை ஜன்னல் தெரிந்தது, அதற்கு அப்பால் வெள்ளையாக ஆறு. என் கை வெண்டல் கிரோவ்ஸ் பெயருக்கு எதிரே குறி போட்டது. வெளியே வந்தபோது வக்கீல் சார் படியில் நின்று எல்லோருக்கும் தொப்பியைத் தூக்கிக்கொண்டிருந்தார். எனக்கும் தூக்கினார்.

வெண்டலுக்கு 4,812. எமெட் லூகன்பில்லுக்கு 4,811. திரும்ப எண்ணினார்கள், அதேதான்.

ஒரே ஒரு ஓட்டு! அந்த வாரம் எங்கள் அலுவலகப் படியை ஊரே ஏறி இறங்கியது. ஓட்டுப் போட மறந்து தூங்கிவிட்ட முடிதிருத்துபவர், பசு கன்று போட்டதால் வரமுடியாத பண்ணைக்காரர், எல்லோரும் வந்து "என்னாலதான்" என்று ஒப்புக்கொண்டு போனார்கள். அவர் ஒவ்வொருவரையும் உட்காரவைத்துச் சமாதானம் சொன்னார். நான் அவர்களுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தேன். நான் அவர் பெயருக்கு எதிரே குறி போட்டிருந்தால் அவர் ஒரு ஓட்டில் ஜெயித்திருப்பார். இந்தக் கணக்கு எனக்கு மட்டும் தெரியும்.

வெண்டல் தலைநகருக்குப் போய்ப் பாலத்துக்காகக் கத்தினார். பிறகு மாநில செனட்டரானார். 1955-ல் பாலம் வந்தது, அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதன் மேல் ஐடா வீட்டுக்கு ஆறு நிமிஷத்தில் போய்விடுவேன். நான் செய்தது தப்பு என்று பாலத்தின் மேல் போகும்போது நினைக்க முடியாது. அலுவலகத்தில் வக்கீல் சார் முகத்தைப் பார்க்கும்போது சரி என்றும் நினைக்க முடியாது. படகு நின்றுபோனதால் மணிச்சத்தமும் நின்றுபோனது. ஆனாலும் அவர் வடக்கு எல்லையில் தொலைந்துபோவது நிற்கவில்லை. "முப்பத்தொண்ணுல இப்ப வெளிச்சம் வந்திருக்கும்" என்பார் சில நாள் பதினோரு மணிக்கு. மறுபடி அவர் நிற்கவே இல்லை.

1971 நவம்பரில் அலுவலகத்தை மூடினோம். அவருக்கு எழுபத்தொன்று, கை நடுக்கம். பனி மூடிய ஒரு மத்தியானம் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தபோது என் பழைய சுருக்கெழுத்து நோட்டுகள் வந்தன. 1948 என்று அட்டையில் போட்ட நோட்டை மட்டும் நான் தனியாக எடுத்து வைத்ததைப் பார்த்துவிட்டார்.

"அதுல என்ன, வெல்மா?"

இருபத்து மூன்று வருஷம் வாய்க்குள் வைத்திருந்ததை இனி எங்கே கொண்டுபோவது?

"உங்க பேச்சு. வக்கீல் சார், நான் அன்னைக்கு வெண்டலுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்."

அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். காகிதக் கட்டுகளைக் கட்ட வைத்திருந்த கயிற்றை மேசையில் போட்டார். ஜன்னலைப் பார்ப்பார் என்று நினைத்தேன், பார்க்கவில்லை.

"ஊர்ல இருக்கிற எல்லா மூஞ்சியையும் யோசிச்சேன். உங்க மூஞ்சியை யோசிக்கல" என்றார். பிறகு, "ஐடாவுக்காகவா?"

"ஆமா. ஆனா முதல் நாள் காலைல வரைக்கும் உங்களுக்குத்தான் போடறதா இருந்தேன். நீங்க பேசினதைக் கேட்டுட்டுதான்..."

அவர் தலை நிமிர்ந்தது.

"பேச்சைக் கேட்டா? நான் பேசினதைக் கேட்டா மனசு மாறுச்சு?"

"ஆமா."

"எந்த இடத்துல?"

"மூடின ஜன்னல் வந்த இடத்துல."

"வெல்மா, நாற்பத்தஞ்சு வருஷமா வக்கீல். ஒரு ஜூரியைக்கூட நான் அசைச்சதில்ல." சிரிக்க ஆரம்பித்தார். "ஒரே ஒரு ஓட்டு. அதை வெண்டல் வாங்கல. நான் வாங்கியிருக்கேன்!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டுவார் என்று இத்தனை வருஷம் பயந்தவள், அவர் சிரித்ததைத் தாங்க முடியாமல் அழுதேன். அவர் கைக்குட்டையை நீட்டினார், நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"படிங்க" என்றார்.

நோட்டைப் பிரித்துப் படித்தேன். செங்காய்ச்சல், மஞ்சள் தாள், பனியில் புதைந்த முழங்கால். அக்கரைக்கெல்லாம் போகாமல், எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்து நோட்டை மூடப் போனேன்.

"இன்னொரு தடவை, வெல்மா" என்றார். "கொஞ்சம் சத்தமா."