மூணு கோட்டுக்காரரின் படகு மோட்டார்

இரும்பு பீரோக்களுக்கு பெயின்ட் அடிப்பவர் அவர். ஒரு கோட்டு போதும் என்று பீரோவுக்குச் சொந்தக்காரரே கெஞ்சினாலும், மூன்று கோட்டு அடிக்காமல் அதைப் பட்டறை வாசல் தாண்ட விடமாட்டார். அவருடைய சொந்தப் பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும்தான் இருக்கிறது. மற்றவர்களுக்கு அவர் மூணு கோட்டு.

மோட்டார் வேலையை அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை. பெயின்ட் தெளிக்கும் கம்ப்ரஸர் மாதம் ஒருமுறை படுத்துக்கொள்ளும். அதைக் கழற்றிப் பூட்டிக் கைவந்த வித்தை. கழற்றும் திருகுகளை வரிசைப்படி முட்டை அட்டைக் குழிகளில் வைப்பார். பூட்டி முடிக்கும்போது ஒரு குழியிலும் எதுவும் மிஞ்சக் கூடாது.

அவருடைய அக்கா துடுப்புப் படகில் ஆட்களை அக்கரை சேர்ப்பவர். இருபத்திரண்டு வருடம் வலித்ததில் வலது தோள் தேய்ந்துபோய், இனி துடுப்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வாரமே தம்பி பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு அவுட்போர்டு மோட்டாரைத் தூக்கி வந்தார். படகின் பின்பலகையில் மாட்டுகிற சின்ன மோட்டார். தலையிலேயே பெட்ரோல் டேங்க், உடம்பெல்லாம் துரு. மோட்டார் வந்து ஆறாவது வாரம், பெரிய படகு வைத்திருக்கும் ஒருவர் அக்காவின் படகுத்துறையைத் தானே எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். சனிக்கிழமை பதில் சொல்கிறேன் என்றார் அக்கா. மோட்டார் ஓடாவிட்டால் அந்தப் பதில் சரி என்பதாகத்தான் இருக்க முடியும்.

தம்பி அந்த ஆறு வாரமும் உழைத்தார். பிஸ்டன் வளையங்களை மாற்றினார். கார்புரேட்டரை ஊறவைத்துக் கழுவினார். கசிந்துகொண்டிருந்த டேங்க் மூடிக்குப் புது ரப்பர் வாஷர் வெட்டிப் போட்டார். பிறகு பச்சை பெயின்ட், வழக்கம்போல மூன்று கோட்டு. வியாழக்கிழமை வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் டிரம்மில் மோட்டாரை இறக்கி ஓட்டினார். டேங்க் மூடி மட்டும் துணிக் கொடியில் கிளிப் மாட்டிக் காய்ந்துகொண்டிருந்தது. அரைமணி நேரம் பிசிறில்லாத ஓட்டம். காதில் பஞ்சு வைத்திருப்பதாகவும், வேண்டுமானால் இன்னொரு அரைமணி ஓட்டிக்கொள்ளலாம் என்றும் அவர் மனைவி அனுமதி கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் அக்காவும் தம்பியும் ஆற்றில் இறங்கினார்கள். நடு ஆறு வரை ராஜபவனி. அங்கே மோட்டார் இருமியது, இழுத்தது, நின்றது.

எதையும் தொடுவதற்கு முன் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய வரிசை. இருந்தது. மூடிவிட்டுக் கயிற்றை இழுத்தார், ஓடியது. சூடுதான் காரணம் என்றார். ஐந்து நிமிடத்தில் மறுபடி நின்றது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கை மாற்றினார், ஓடியது. பிளக்தான் என்றார். நின்றது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, கார்புரேட்டர் துளையை மெல்லிய கம்பியால் குத்தினார், ஓடியது. இந்த முறை அவர் எதுவும் சொல்லவில்லை. அதற்காகவே காத்திருந்ததுபோல மோட்டார் நின்றது.

பெரிய படகு பக்கத்தில் வந்து வேகம் குறைத்தது. "அண்ணே, பெயின்ட் பிரமாதம். கயிறு கட்டி இழுத்துட்டுப் போகட்டா?" என்றார் அதன் சொந்தக்காரர்.

அக்காவின் கை தானாகவே துடுப்புக்குப் போனது. தம்பி அதைப் பிடுங்கித் தன் காலடியில் போட்டுக்கொண்டு, மறுபடி மூடியைத் திறந்தார்.

"அப்படியே நில்லுடா," என்றார் அக்கா. "பிளக்கு, கம்பி எல்லாம் இருக்கட்டும். நீ மூடியத் திறக்கறப்பல்லாம் உஸ்ஸுன்னு காத்து உள்ள போகுது. அப்புறம்தான் அது ஓடுது. மூச்சு முட்டிக் கெடக்குடா அது."

தம்பி மூடியை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று போவதற்காக, அதன் நடுவில் ஊசிமுனை அளவு துளை இருக்க வேண்டும். இருந்த இடத்தில் பச்சை பெயின்ட் வழவழவென்று மின்னியது. ஓரத்துக் கசிவு வழியாவது காற்று போயிருக்கும். அதையும் புது வாஷர் கச்சிதமாக அடைத்துவிட்டது.

"ரெண்டு கோட்டோட விட்டிருந்தாக்கூட பொழச்சிருக்கும் போல," என்று சொல்லிக்கொண்டே அக்கா தன் சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினார்.

"அக்கா, மெதுவா. பெயின்ட் பேந்துடும்."

"பேந்தாதாண்டா ஓடும்."

இரண்டு தடவை அக்கரை போய்த் திரும்பினார்கள். ஒரு இருமல் இல்லை. வேலையில்லாமல் மடியில் கிடந்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அக்கா முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தார். பெரிய படகைத் தாண்டும்போது, சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம் என்று கத்தினார். மோட்டார் சத்தத்தில் பெரிய படகுக்காரருக்குக் காது கேட்கவில்லை. அக்கா மோட்டாரைக் காட்டி, கரையில் நிற்பவர்களுக்கும் தெரிகிற மாதிரி, தலையைப் பெரிதாக இடமும் வலமும் ஆட்டினார்.

இப்போது அந்தத் துளையைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம் இருக்கிறது. அதுவும் மூன்று கோட்டுதான். அடித்து முடித்துக் காயும்வரை தம்பி துளைக்குள் ஒரு முள்ளைச் செருகி வைத்திருந்தார்.