சட்டிக்குப் பிடித்த கிரகணம்

நேற்று பாச்சாங் கிளினிக்கில் நம்பருக்காக உட்கார்ந்திருந்தபோது கைப்பேசியில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. எங்கள் தலைக்கு மேலே பல வருடங்களாக நின்றிருந்த தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் ஒன்றுக்கு ஓய்வு கொடுத்து, இன்னும் மேலே தள்ளிவிட்டார்களாம். மாலை இல்லை, விருந்து இல்லை. எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. சம்பளம் கொடுத்த முதலாளியைவிட எனக்கு அதிகம் செய்தது அதுதான்.

இளவயதில் வீடு வீடாக டிஷ் பொருத்துவது என் வேலை. பெம்பான் ஊரில் சரோஜா அக்கா வீட்டில் பொருத்திய டிஷ்ஷை அவர் ‘சட்டி’ என்றே சொல்வார். “தம்பி, சட்டி மறுபடி படுத்துக்கிச்சு” என்று போன் வரும்.

மார்ச்சிலும் செப்டம்பரிலும் சில நாட்கள், மதியத்தில் சூரியன் நேராகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். அதன் கதிர்வீச்சில் சிக்னல் அமுங்கி, ஐந்து நிமிடம் படம் போய், தானாக வரும். ஒரு மார்ச்சில் அக்காவிடம் இதை விளக்கினேன்.

“வேலைய ஒழுங்கா செய்யாம வெயில் மேல பழி போடுறியா? ஆபீஸுக்குப் போன் பண்றேன் லா” என்றார்.

ஆபீஸில் கொடுத்த நேரப் பட்டியலைப் பார்த்து, “நாளைக்கு ஒன்னு அம்பதுக்குப் போவும், அம்பத்தஞ்சுக்கு வந்துரும்” என்றேன். அப்படியே போனது, வந்தது. அன்றிலிருந்து நான் ஜோசியன். காது குத்த, மோட்டார் சைக்கிள் வாங்க, கோழிக்கு அடை வைக்க, எல்லாவற்றுக்கும் என்னிடம் நேரம் கேட்டார். வெயில் கதையைச் சுத்தமாக மறந்துவிட்டார். நானும் நினைவுபடுத்தவில்லை. போகும்போதெல்லாம் மீன்கறியோடு சோறு கிடைத்தது.

சோறு மட்டுமே காரணமில்லை. அவர் மகள் கலா, செங் என்ற ஊரில் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, சொல்லத்தான் தைரியமில்லை. அம்மாவை நான் அக்கா என்கிறேன், மகளோ என்னை அண்ணே என்கிறாள். முறையே இல்லாத வீடு.

செப்டம்பரில் அக்கா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை கலாவைப் பெண் பார்க்க வருகிறார்களாம், நல்ல நேரம் சொல்ல வேண்டுமாம். நான் பட்டியலைத் தேடுவதற்குள் போனைக் கலா வாங்கியிருந்தாள்.

“அண்ணே, எனக்கு இந்த எடம் வேணாம். அந்தப் படம் போற நேரம் திரும்ப எப்ப வரும்?”

பட்டியலைப் பிரித்தேன். “ஒன்னே முக்காலுக்கு வந்து உக்காரச் சொல்லு.”

வந்தார்கள். டிவியில் ஏதோ கோயில் பூஜை. தீபாராதனை காட்ட, மாப்பிள்ளை கேசரியை வாயில் வைக்க, படம் கட்டம் கட்டமாக உடைந்து மறைந்ததாம். மாப்பிள்ளையின் அம்மா தட்டை வைத்துவிட்டு எழுந்தார். “சகுனம் சரியில்ல, கெளம்புங்க.” அவர்கள் கார் எங்கள் ஜாலானை விட்டு மெயின் ரோட்டுக்குத் திரும்புவதற்குள் படம் வந்துவிட்டது. “வானமே வேணாங்குது” என்று அக்காவும் முடிவு கட்டிவிட்டார்.

இதையெல்லாம் மறுநாள் கலாதான் போனில் சொன்னாள். கடைசியில், “ரொம்ப தேங்க்ஸ் மாமா” என்றாள். நான் ஏணியில் நின்றிருந்தேன். இறங்கிவிட்டேன்.

அடுத்த வருடம் அக்கா எனக்கு அத்தையானார். “எங்க மாப்ள சொன்ன நேரம் தப்பாது” என்று பெம்பான் முழுக்கச் சொல்லித் திரிந்தார். உண்மையைச் சொல்லிவிட எத்தனையோ முறை வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் கலா மேசைக்கு அடியில் என் காலை மிதிப்பாள்.

இப்போது எங்கள் வீட்டு டிவி இணையத்தில் ஓடுகிறது. சூரியன் எங்கே நின்றாலும் படம் போவதில்லை. அத்தை போய் மூன்று வருடமாகிறது. இனி நான் உண்மையைச் சொன்னால் கலா மிதிக்கமாட்டாள். திட்டிவிட்டுச் சோறு போட அத்தைதான் இல்லை.